தரங்கம்பாடியில் மதிலைத் தேடிப் போகிறவர்களுக்கு

தருமபுரியிலிருந்து ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வரும் தை மாதம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மறுநாள் காலை குடும்பத்தோடு தரங்கம்பாடிக்குப் போய், மதில் சூழ்ந்த அந்தப் பழைய ஊரை நடந்தே பார்க்க அவருக்கு விருப்பம். ஆனால் அவர் பார்த்த படங்களிலெல்லாம் ஒரு கோட்டையும் கடலும்தான் இருக்கின்றன, மதிலைக் காணோம். மதில் உண்மையிலேயே இருக்கிறதா, பெரியவர்களை வைத்துக்கொண்டு அரை நாளில் நடந்து முடிக்கலாமா என்பது கேள்வி. நடந்து முடிக்கலாமா என்பதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: தாராளமாக முடிக்கலாம், ஊர் வாசலிலிருந்து கடற்கரை வரை நிதானமாக நடந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். மற்ற பாதிதான் கனமானது. பெரும்பகுதி மறைந்துபோன ஒரு மதிலை எங்கே நின்று, எதைப் பார்த்து அடையாளம் காண்பது என்றுதான் அவர் கேட்கிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் நான். அந்தக் காலத்தில் ஒன்பது முறை மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு தனியாகவும் சில முறை போய் வந்தேன். கட்டடப் பொறியியல் நான் படித்ததில்லை. ஆகவே எந்தச் சுவர் எத்தனை காலம் தாங்கும் என்பது போன்ற கேள்விகளுக்கு என் சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஊரின் வரலாறும், அதை நடந்து பார்க்கும் முறையும் எனக்குத் தெரிந்தவை.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோட்டை என்றால் மனத்தில் வருவது கிருஷ்ணகிரி மலை, அல்லது இராயக்கோட்டை. அங்கெல்லாம் மலையே பாதிப் பாதுகாப்பு. பாறை விட்ட இடைவெளிகளில் மட்டும் கருங்கல்லை அடுக்கி அடைத்தால் போதும். போர்க்காலம் முடிந்ததும் மேலே குடியிருப்பாரில்லை, அந்தக் கல்லைக் கீழே இறக்கிக்கொண்டுவர யாருக்கும் அவசியமும் இல்லை, அதனால் மதில் பிழைத்துக்கொண்டது. தரங்கம்பாடியோ சமதரை, மணல். அங்கே மதில் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அதன் இருபுறமும் மக்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள், ஒரு பக்கம் கடல் அரித்தது. மலைக்கோட்டை மதிலைப் பார்த்துப் பழகிய கண்ணோடு அங்கே போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முதல் முறை நான் அழைத்துப்போன மாணவர்களில் ஒருவன் வாசலைத் தாண்டி உள்ளே நூறடி போன பிறகு, “ஐயா, கோட்டைச் சுவர் எப்ப வரும்?” என்று கேட்டான். அதைத் தாண்டித்தான் வந்துவிட்டோம் என்பதை அவனுக்குக் காட்டாமல் விட்டது என் தவறு. அடுத்த முறையிலிருந்து நடையின் வரிசையையே மாற்றிவிட்டேன்.

மதில் ஏன் எழுந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் அது இருந்த தடமும் புலப்படத் தொடங்கும். 1616இல் தொடங்கப்பட்ட டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் ஓவே கெட்டே என்பவர் வந்து, தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டார். இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய ஓலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. டான்ஸ்போர்க் என்று டேனியர்கள் பெயரிட்ட கடற்கரைக் கோட்டை அந்த உடன்படிக்கையை ஒட்டி எழுந்தது. அப்போது கோட்டைக்குத்தான் சுவர், ஊருக்கு இல்லை. பிறகு ஐரோப்பாவில் நடந்த போர்களில் டென்மார்க் நொடித்துப்போய், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. தரங்கம்பாடியில் இருந்த டேனியர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள், சிலர் விலகிப் போனார்கள். கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே என்ற ஒரே ஒருவர் மிஞ்சினார். 1655 முதல் 1669 வரை உள்ளூர் ஆட்களின் துணையோடு கோட்டையைக் காப்பாற்றியவர் அவர்தான். ஊரைச் சுற்றி மதில் எழுப்பியவரும் அவரே. வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து அடைந்த பொருள் அதற்குச் செலவானது. நாயக்கர் படை முற்றுகையிட்ட காலம் அது, ஊர் மக்களையும் உள்ளே வைத்துக் காத்தால்தான் கோட்டை நிற்கும் என்ற நிலை. இந்தப் பகுதியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் அழுத்திச் சொல்லிவந்தது ஒன்று உண்டு. டேனிய மதில் என்று நாம் பெயர் சொல்கிறோம், ஆனால் கட்டி முடித்தபோது அதற்குள் டேனியர் என்று இருந்தது ஒரே ஆள். செங்கல் சுட்டவர்களும் சுண்ணாம்பு குழைத்தவர்களும் இரவுக் காவல் நின்றவர்களும் இந்த மண்ணின் மக்கள்.

இனி நடைக்கு வருகிறேன். திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. வண்டியில் போனாலும் பேருந்தில் போனாலும் கோட்டை வாசல்வரை போகாமல், ஊரின் மேற்கே இருக்கும் நகர வாயிலுக்கு வெளியிலேயே இறங்கிவிடுங்கள். வெள்ளை அடித்த வளைவும் பெரிய மரக்கதவுகளும் மேலே டேனிய அரச முத்திரையுமாக நிற்கும் அந்த வாயில் 1792இல் கட்டியது. பழைய வாயில் இருந்த இடத்தில் புதிதாக எழுப்பியது என்பதால், மதிலுக்கும் இதற்கும் ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டு இடைவெளி உண்டு. தருமபுரிக்காரர்களுக்கு அந்த 1792 என்ற எண் வேறு வகையிலும் முக்கியமானது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து நம் பாராமகால் (தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக்கு அன்றைய பெயர்) ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனதும் அதே ஆண்டில்தான். கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ நம் ஊரில் நிலவரி அளவையைத் தொடங்கிய காலத்தில், கடற்கரையில் டேனியர்கள் தங்கள் வாயிலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு வாயிலைக் காட்டுங்கள், அந்த எண்ணை மறக்க மாட்டார்கள்.

வாயிலுக்குள் நுழைந்ததும் நேரே கடலை நோக்கி நடக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் வாயிலின் இரு தோள்களிலும் ஒட்டி நிற்கும் சுவர்த் துண்டைப் பாருங்கள், அது எந்தத் திசையில் போய் நிற்கிறது என்று கண்ணால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கோட்டின் உட்புறமாகத் தெருக்களின் கடைசிவரை போய்ப் பாருங்கள். உள்ளே தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக, ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் போகின்றன. மதில் இருந்த எல்லை வந்ததும் அந்த ஒழுங்கு சட்டென்று முறிந்துவிடும். அதற்கப்பால் சாலைகள் வயலையும் வாய்க்காலையும் அனுசரித்து வளைந்து போகின்றன. தெரு எங்கே காரணமில்லாமல் முட்டி நிற்கிறதோ, எங்கே திடீரென்று திரும்புகிறதோ, அங்கே நின்று சுற்றிலும் பாருங்கள். சுவரே இல்லாத இடத்திலும் சுவரின் நினைவைத் தெரு வைத்திருக்கும். எங்கள் மாணவர்களிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, முட்டி நிற்கும் தெருக்களின் முனைகளை மட்டும் புள்ளி வைக்கச் சொல்வேன். ஒரு மணி நேரத்தில் புள்ளிகள் சேர்ந்து ஊரின் வடிவம் தாளில் வந்துவிடும். உங்கள் குடும்பத்தில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

பழைய சுவர் கண்ணில் பட்ட இடத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று கிட்டத்தில் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரியும். இன்றைய செங்கல்லைவிட மெல்லியது, தட்டையானது. இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள சுண்ணாம்புச் சாந்து விரல் தடிப்புக்கு இருக்கும். வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் அந்தச் சாந்துக்குள் வெள்ளை வெள்ளையாகக் கிளிஞ்சல் துணுக்குகள் மின்னும். கடற்கரையில் சுண்ணாம்புக்கல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை, கிளிஞ்சலைச் சுட்டாலே சுண்ணாம்பு கிடைத்துவிடும். சுவரின் அடியிலிருந்து முழங்கால் உயரம்வரை நிறம் மாறி, மாவு பூத்தாற்போல இருக்கும். அது உப்பு. நிலத்து ஈரம் செங்கல் வழியே மேலேறி, வெளிப்பக்கம் வந்து காயும்போது உப்பு படிகமாகி விரிகிறது, விரியும் வேகத்தில் செங்கல்லின் மேல்தோலைப் பெயர்க்கிறது. சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியே மூச்சு விட்டு வெளியேறும், பூச்சுதான் கெடும், செங்கல் பிழைக்கும். அவசரத்துக்கு சிமெண்டை அப்பிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பார்வைக்குச் சுவர் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் பின்னால் செங்கல் பொடிந்துகொண்டிருக்கும். சாம்பல் நிறத்தில் ஒரு ஒட்டுப் பூச்சு எங்காவது கண்ணில் பட்டால், அதன் விளிம்பைப் பாருங்கள், புரிந்துவிடும். தயவுசெய்து சாந்தை நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளையும் விடவேண்டாம்.

அதன்பிறகு கிங் தெரு எனப்படும் ராஜ வீதி வழியே கிழக்கே நடங்கள். இந்தத் தெருவில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் ஆலயம் 1701இல் திறக்கப்பட்டது, ஐரோப்பியர்களுக்கானது. புதிய எருசலேம் ஆலயம் 1718இல் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காகக் கட்டப்பட்டது. அதன் முகப்பில் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரை இருக்கிறது. ஜெர்மானிய லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு 1719இல் இறந்து அடக்கமானது அந்த ஆலயத்தில்தான். 1706 ஜூலையில் சக மறைப்பணியாளர் புளுட்சோவோடு வந்திறங்கிய அவர், இரண்டே ஆண்டில் டேனியத் தளபதியோடு முரண்பட்டு டான்ஸ்போர்க் கோட்டையிலேயே நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார். பின்னால் அச்சகம் நிறுவி, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். காகிதத் தட்டுப்பாட்டைப் போக்கப் பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறை அமைத்தார்கள், கடுதாசிப் பட்டறை என்று அந்த இடத்துக்குப் பெயரே வந்துவிட்டது. இங்கே ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். தமிழில் முதல் அச்சு நூல் தரங்கம்பாடியில் வந்தது என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். அது சரியல்ல. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு: விட்டு விட்டு நடந்த அச்சு வேலை, தொடர்ந்து நடக்கும் தொழிலாக இங்கேதான் ஊன்றியது. அந்தப் பெருமையே போதும், இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டியதில்லை.

தெரு முடிந்ததும் பரந்த திடல். அதன் தெற்கே, கடலோரமாக டான்ஸ்போர்க் கோட்டை. ஆளுநர்கள் முதலில் கோட்டைக்குள் குடியிருந்தார்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திடலை ஒட்டிய ஆளுநர் மாளிகைக்கு மாறினார்கள். கோட்டையின் மேல்தளம் குடியிருப்பு, கீழே சரக்கறைகளும் படைவீரர் தங்குமிடமும் சிறையும். கீழ் அறைகளின் வளைவுக் கூரையைப் பார்க்காமல் வர வேண்டாம், அத்தனை எடையையும் மரமில்லாமல் செங்கல் வளைவே தாங்குகிறது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளே இருக்கிறது. அதற்கு வார விடுமுறை உண்டு, அன்றைக்குப் போனால் வெளியே நின்று திரும்ப வேண்டியதுதான். எனக்கே ஒருமுறை நாற்பது மாணவர்களோடு அப்படி ஆயிற்று. தைப் பொங்கலை ஒட்டி நீங்கள் போவதால், எந்த நாள் திறந்திருக்கும் என்று திருக்கடையூரில் இறங்கிய அன்றே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோட்டையிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே கொஞ்ச தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, அதாவது டேனியர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, வணிகம் இருந்தது. கோயிலின் கிழக்குப் பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மதிலுக்கு என்ன ஆயிற்று என்ற உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இந்தக் கோயிலின் முன்னால் நின்றால் கிடைத்துவிடும். மீதிப் பாதி, 1845இல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றதில் இருக்கிறது. ஆங்கிலேயர்களுக்கு இந்தத் துறைமுகம் தேவைப்படவில்லை, நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்த பிறகு வணிகமும் அங்கே போய்விட்டது. காக்க ஆளில்லாத செங்கல் மதில் உப்புக் காற்றில் எத்தனை நாள் நிற்கும்? 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையிலும் பல உயிர்களைக் கொண்டுபோனது. மீனவர் குடியிருப்புப் பக்கம் போனால் அதைப் பற்றி வேடிக்கைக் கதை கேட்பதுபோல யாரிடமும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் நின்று கேளுங்கள்.

இனி, ஐயத்துக்குரியவை. தரங்கம்பாடி என்றால் ‘பாடும் அலைகளின் ஊர்’ என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். தரங்கம் என்றால் அலை, அதில் ஐயமில்லை. பாடி என்பது பாடுவதைக் குறிக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. நம் பக்கத்து வாணியம்பாடியிலும், மாட்டினத்துக்குப் பேர்போன நம் ஆலம்பாடியிலும் இருக்கும் அதே பாடிதான், ஊர் என்று பொருள். கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்று வருகிறது, பிற்காலத்தில் அது தரங்கம்பாடி ஆகியிருக்கலாம் என்பது பலருடைய கருத்து. அலைப் பொருள் முதலிலேயே இருந்ததா, பெயர் மருவிய பிறகு ஏற்றியதா என்பது முடிந்த செய்தி இல்லை. அடுத்தது ஓசோன். இந்தக் கடற்கரையில் ஓசோன் மிகுதி, மூச்சிழுத்தால் உடம்புக்கு நல்லது என்று பெருமையாகச் சொல்வார்கள். கடற்காற்றில் ஓசோன் இருக்கிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர்களின் நம்பிக்கை. கடலின் அந்த மணம் பெரும்பாலும் கடற்பாசிகளிலிருந்து வரும் கந்தகச் சேர்மங்களால் உண்டாவது. தரை மட்டத்தில் ஓசோன் உண்மையிலேயே மிகுந்தால் அது நுரையீரலுக்குக் கெடுதல். உங்கள் அப்பாவுக்கு ஆஸ்துமா போன்ற தொந்தரவு இருந்தால் இந்தப் பேச்சை நம்பி எதையும் விட்டுவிடாதீர்கள், மருந்து கையில் இருக்கட்டும். டென்மார்க்கில் உள்ள குரோன்போர்குக்கு அடுத்து உலகிலேயே பெரிய டேனியக் கோட்டை டான்ஸ்போர்க்தான் என்பதையும் சொல்வார்கள். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை, ஆகவே பிள்ளைகளின் நோட்டில் அதை எழுத வைக்க வேண்டாம்.

நேரத்தைப் பற்றி: காலை ஆறரை மணிக்கு வாயிலில் இருப்பதுபோலக் கிளம்புங்கள். மதிலின் தடத்தைத் தேடும் நடைக்கு ஒன்றரை மணி நேரம், தேவாலயங்களுக்கு அரை மணி, பிறகு சிற்றுண்டியை முடித்துக்கொண்டு கோட்டை திறக்கும் நேரத்துக்கு அங்கே வந்துவிடலாம். அப்பாவும் அம்மாவும் முதல் நாள் ஹோமப் புகையிலும் விருந்திலும் களைத்திருப்பார்கள். அவர்களை மதிலோரம் முழுக்க நடக்க வைக்க வேண்டாம், வாயிலையும் ராஜ வீதியையும் கோயிலையும் மட்டும் பார்க்கட்டும், அதுவே நிறைவாக இருக்கும். கோட்டையில் மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும், மூட்டுவலி உள்ளவர்கள் கீழ் அறைகளோடு நின்றுகொள்ளலாம். கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், கரையோரம் சிதைந்த கட்டுமானக் கற்கள் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. மதியத்துக்கு மேலும் நேரமிருந்தால் வடக்கே பூம்புகாருக்குப் போங்கள், ஒகேனக்கலில் நீங்கள் அருவியாகப் பார்த்த காவிரி அங்கேதான் கடலைச் சேர்கிறது. கோட்டையிலிருந்து திரும்பி வாயிலுக்கு நடக்க நினைக்காமல், வண்டியைத் திடலுக்கே வரச்சொல்லிவிடுங்கள். தை மாதமானாலும் பதினொரு மணிக்கு மேல் ராஜ வீதியில் நிழல் கிடையாது.